பப்பாசிப் பாலில் தொடங்கிய கம்பனி

முற்றல் இறைச்சி கெதியாக அவிய வேண்டுமென்றால் கறிச்சட்டிக்குள் ஒரு துண்டு பப்பாசிக்காயைப் போட்டுவிடுவது எங்கள் வீடுகளில் பழைய வழக்கம். வன்னியில் காட்டிறைச்சி தாராளமாகக் கிடைத்த அந்தக் காலத்தில், பப்பாசிக்காய் இல்லாமல் மரை இறைச்சியை அடுப்பில் ஏற்றுவது விறகுக்குக் கேடு என்று ஆச்சிமார் சொல்லுவார்கள். அந்தக் காயைக் கீறும்போது வடிகின்ற வெள்ளைப் பாலில்தான் அந்த வேலை இருக்கிறது. அதில் பப்பெயின் என்னும் நொதியம் உண்டு. நொதியம் என்பது உயிருள்ளவற்றில் உண்டாகும் ஒரு வகைப் புரதம். தான் செலவழிந்து போகாமலே வேறொரு பொருளை மாற்றிவிடும் ஆற்றல் அதற்கு இருக்கிறது. பப்பெயின் இறைச்சியின் புரதத்தைச் சிறு துண்டுகளாக அறுத்துவிடுகிறது, இறைச்சி மெதுமையாகிறது.

ஆச்சிமாருக்குத் தெரிந்த இந்த வேலையை விற்றுத் தொடங்கிய கம்பனி ஒன்று இந்தியாவில் இருக்கிறது. பெயர் பயோகொன். இன்று அது மருந்துக் கம்பனி. நீரிழிவு நோயாளருக்கான இன்சுலினும் புற்றுநோய் மருந்துகளும் செய்கிறது. ஆனால் அதன் தொடக்கம் உணவுத் தொழிற்சாலைகளுக்கான மூலப்பொருள். அந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. "இந்தப் பயிரை நடுங்கள், விளைவதை நாங்கள் வாங்குகிறோம்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் எங்கள் கிராமங்களுக்கும் வருகிறார்கள். ஒரு தடவை கற்றாழை, ஒரு தடவை வேறொன்று. பலமுறை இடம்பெயர்ந்து, கடன்பட்டுக் காணி துப்புரவாக்கியவர்களுக்கு ஒரு போகம் பிழைத்தால் அதிலிருந்து எழும்ப மூன்று வருடமாகும். அப்படி வருபவருக்குப் பதில் சொல்லுமுன், ஒரு மூலப்பொருள் மரத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் வழியைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

1978ஆம் ஆண்டு பெங்களூரில் கிரண் மசும்தார் என்ற இருபத்தைந்து வயதுப் பெண் இந்தக் கம்பனியைத் தொடங்கினார். அவருடைய தந்தையார் யுனைற்றட் புறூவறீஸ் என்ற பெரிய பியர் கம்பனியில் தலைமைத் தயாரிப்பாளராக இருந்தவர். மகளும் அவுஸ்திரேலியாவுக்குப் போய் அதே தொழிலைப் படித்து, 1975இல் தேர்ந்து வந்தார். ஆனால் இந்தியாவில் எந்தப் பியர்த் தொழிற்சாலையும் ஒரு பெண்ணை அந்தப் பதவியில் அமர்த்த முன்வரவில்லை. அந்த வேளையில்தான் அயர்லாந்தின் கோர்க் நகரில் நொதியங்கள் விற்றுவந்த பயோகொன் பயோகெமிக்கல்ஸ் கம்பனியின் உரிமையாளர் லெஸ்லி ஓகின்குளொஸ் அவரைக் கூட்டுக்கு அழைத்தார். வெளிநாட்டவர் முப்பது வீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்க அன்றைய இந்தியச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே எழுபது வீதம் கிரண் மசும்தாருடையதாயிற்று. வாடகை வீட்டின் கார்க் கொட்டகை, கையில் பத்தாயிரம் இந்திய ரூபா, முதல் வேலையாளாக ஓய்வுபெற்ற ஒரு கராஜ் மெக்கானிக் — இவ்வளவுதான் முதலீடு. முதல் தொழிற்சாலை 3,000 சதுர அடிக் கொட்டகை. ஈடு வைக்க ஒன்றுமில்லாத இளம்பெண்ணுக்கு, பெயரே விளங்காத ஒரு தொழிலுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. காணி உறுதி இல்லையென்று கடன் மறுக்கப்பட்ட எம்மவர்க்கு அந்த இடம் நன்றாக விளங்கும். என்றாலும் படித்த குடும்பமும், தொழில் தெரிந்த தகப்பனும், அயர்லாந்தில் காத்திருந்த வாங்குபவரும் அவருக்கு இருந்ததை மறந்துவிடக்கூடாது. "பத்தாயிரம் ரூபாவில் உலகம் வென்றவர்" என்று பத்திரிகைகள் எழுதும்போது இவற்றைச் சிறிய எழுத்தில்தான் போடுவார்கள்.

முதலில் விற்ற பொருட்கள் இரண்டு. ஒன்று பப்பாசிப் பாலிலிருந்து எடுத்த பப்பெயின். மற்றையது கெளிறு வகை மீன்களின் வயிற்றினுள் இருக்கும் காற்றுப்பையைக் காயவைத்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருள். இரண்டையும் வாங்கியது பெரும்பாலும் பியர்த் தொழில். பியரைக் குளிரூட்டும்போது அதிலுள்ள புரதங்கள் திரண்டு கலங்கலாகிவிடும். கலங்கிய பியரை யாரும் வாங்கமாட்டார்கள். சிறிதளவு பப்பெயின் சேர்த்தால் அந்தப் புரதங்கள் அறுபட்டு, பியர் தெளிவாகவே இருக்கும். 1911இல் நியூயோர்க்கில் லியோ வொலர்ஸ்ரைன் என்பவர் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். மீனின் காற்றுப்பையோ மிதக்கும் மதுவத்தை இழுத்துக்கொண்டு அடியில் படியும். (மதுவைப் பற்றி இந்தப் பக்கத்தில் இவ்வளவு எழுதுகிறேனே என்று சிலர் நினைக்கக்கூடும். பியரை விட்டுவிடுங்கள், பப்பாசியைப் பாருங்கள்.) 1979இலேயே அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நொதியம் ஏற்றுமதி செய்த முதல் இந்தியக் கம்பனி என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

விடியற்காலை வேலை

ஏற்றுமதிப் பெட்டிக்குள் போன அந்தத் தூளுக்காக யாரோ ஒருவருடைய தோட்டத்தில், யாரோ சிலர் விடியற்காலையில் மரங்களைக் கீறியிருக்க வேண்டும். அந்த வேலை எப்படி நடக்கிறது?

முழுப் பருமனுக்கு வந்து, இன்னும் பழுக்காமல் பச்சையாக மரத்தில் நிற்கும் காயில்தான் பால் அதிகம். வெயில் ஏறுமுன், காலை பத்து மணிக்குள் கீறவேண்டும். பின்னர் பால் ஓடாது. காயின் மேலிருந்து கீழாக மூன்று நான்கு கீறல்கள். இரண்டு மூன்று மில்லிமீற்றர் ஆழத்துக்கு மேல் போகக்கூடாது. இரும்புக் கத்தி ஆகாது, பால் கறுத்துவிடும். மூங்கிற் சிம்பு, கண்ணாடிச் சில்லு அல்லது துருப்பிடிக்காத உருக்கு அலகு பாவிப்பார்கள். மரத்தைச் சுற்றிக் குடையைக் கவிழ்த்தது போன்ற ஒரு தட்டைக் கட்டி, வடிவதை ஏந்துவார்கள். சில நிமிடங்களில் பால் உறைந்துவிடும். நாலைந்து நாளைக்கு ஒருமுறை அதே காயில், முன் கீறாத இடத்தில் திரும்பக் கீறலாம். சேர்த்த பாலை அன்றே காயவைக்க வேண்டும். வெயிலில் காயவைப்பது மலிவு, ஆனால் நொதியத்தின் வலு குறைந்துவிடும். ஐம்பத்தைந்து பாகை செல்சியசுக்கு மேற்படாத சூட்டில் உலர்த்தியில் காயவைத்ததற்கே நல்ல விலை. பாலில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஐந்து கிலோ சேர்த்தால் ஏறத்தாழ ஒரு கிலோ தூள் மிஞ்சும்.

கீறுபவரின் கையையும் மறக்கக்கூடாது. இறைச்சியை அறுக்கிற நொதியத்துக்கு மனிதத் தோலும் இறைச்சிதான். பால் பட்ட விரல்கள் புண்ணாகும். கண்ணில் தெறித்தால் ஆபத்து. காய்ந்த தூளைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு இழுப்பு நோய் வருவதுண்டு. உறையும் முகமூடியும் இல்லாமல் இந்த வேலைக்குப் பிள்ளைகளை விடக்கூடாது.

இது எமது நாட்டுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் உலகச் சந்தைக்குப் பப்பெயின் அனுப்பிய முக்கியமான நாடுகளில் இலங்கையும் ஒன்று. பின்னர் கிழக்கு ஆபிரிக்காவும் கொங்கோவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. மரம் அதே மரம்; எங்கே கூலி மலிவோ, எங்கே தூள் சுத்தமோ அங்கே வாங்குபவர் போனார். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் பால் அதிகம் தரும் கோ.2, கோ.5 போன்ற பப்பாசி இனங்களை இதற்கென்றே உருவாக்கியது. கீறிய காயின் தோலில் தழும்பு விழுவதால் அதைப் பழமாக விற்க முடியாது. ஆனால் அந்தக் காயைச் சிறு துண்டுகளாக வெட்டிச் சீனிப்பாகில் ஊறவைத்து நிறமிட்டால், கேக்கிலும் பணிஸிலும் போடும் "டுட்டி புறுட்டி" ஆகிவிடும். பிள்ளைகள் விரும்பித் தின்னும் அந்தச் சிவப்புப் பச்சைத் துண்டுகள் பெரும்பாலும் பப்பாசிக்காய்தான்.

மரம் இல்லாமலே

கம்பனிக்கு மரத்தினால் வந்த தொல்லை பெரியது. இந்த மாதத் தூளும் அடுத்த மாதத் தூளும் ஒரே வலுவில் இருப்பதில்லை. ஒரு தோட்டத்தில் வைரசு நோய் விழுந்தால் சரக்கு நின்றுவிடும். மழை கூடினால் பால் நீர்த்துவிடும். தொழிற்சாலை நடத்துபவருக்கோ ஒவ்வொரு கிலோவும் ஒரேயளவு வேலை செய்ய வேண்டும். உண்மையில் பயோகொன் விற்றதும் அதைத்தான். பப்பாசிப் பாலை யாரும் விற்கலாம். "இந்தத் தூளின் வலு இவ்வளவு" என்று அளந்து எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க ஆய்வுகூடம் வேண்டும். பணம் அந்தக் கையொப்பத்தில் இருந்தது.

1980களில் கம்பனி அடுத்த படியில் கால் வைத்தது. யப்பானியர் சோயாக் குழம்பு செய்வதற்கு அவித்த தானியத்தில் ஒரு வகைப் பங்கசை வளர்ப்பார்கள். அதற்குக் கோஜி என்று பெயர். அந்தப் பங்கசு வளரும்போது தானே நொதியங்களைச் சுரக்கிறது. அதே முறையில் தவிடு போன்ற ஈரமான பொருளைப் பரப்பி, தெரிந்தெடுத்த பங்கசை அதில் வளர்த்து, நொதியத்தைக் கழுவி எடுக்கும் தொழினுட்பத்தைப் பயோகொன் தனக்கென விருத்தி செய்தது. 1987இல் ஐ.சி.ஐ.சி.ஐ. நிறுவனத்தின் நாராயணன் வாகுல் ஏற்படுத்திக் கொடுத்த முதலீட்டு நிதியினால் இது பெருந்தொழிலாயிற்று. பழச்சாறு தெளிவதற்கு ஒன்று, பாண் மென்மையாகப் பொங்குவதற்கு ஒன்று என்று நொதியங்கள் வந்தன. நாங்கள் வாங்கும் பாணுக்குள்ளும் இப்படிப்பட்ட நொதியங்கள் மாவோடு கலந்து வருவதுண்டு; பாண் வெந்தபின் அவற்றின் வேலை முடிந்துவிடும்.

பங்கசுக்கு மாரியும் இல்லை, கோடையும் இல்லை. அது கூலி கேட்பதில்லை, இடம்பெயர்வதில்லை. இந்தப் புது நொதியங்களுக்கு மரமும் வேண்டாம், மரம் வைத்திருப்பவரும் வேண்டாம்.

1989இல் அயர்லாந்துக் கம்பனியை யூனிலீவர் வாங்கியது. 1998இல் வெளிநாட்டுத் தரப்பிடமிருந்த பங்குகளை இந்தியத் தரப்பினர் தாங்களே வாங்கிக்கொண்டனர். 2007இல் பயோகொன் தன் நொதியப் பகுதி முழுவதையும் டென்மார்க்கின் நோவோசைம்ஸ் கம்பனிக்கு 115 மில்லியன் அமெரிக்க டொலருக்கு விற்று, மருந்துத் தொழிலிலேயே நின்றுவிட்டது. நோவோசைம்சும் 2024இல் இன்னொரு டேனியக் கம்பனியான கிறிஸ்ரியன் ஹான்சனோடு இணைந்து நோவோனெசிஸ் ஆகிவிட்டது. பப்பாசி மரத்தடியிலிருந்து கணக்குப் பார்த்தால், வாங்குபவர் எத்தனை தரம் பெயர் மாறிவிட்டார்!

இது ஒரு கம்பனியின் கதை மட்டுமல்ல. சீஸ் செய்வதற்குப் பாலை உறைய வைக்கும் நொதியம் முன்பு இறைச்சிக்கு வெட்டிய கன்றுகளின் இரைப்பையிலிருந்து வந்தது. 1990இல் அமெரிக்கா, பைசர் கம்பனி மரபணு மாற்றிய பற்றீரியாவிலிருந்து எடுத்த அதே நொதியத்தை உணவில் சேர்க்க அனுமதித்தது. அவ்வாறு அனுமதி பெற்ற முதல் உணவு மூலப்பொருள் அதுவே. இன்று உலகின் சீசில் மிகப் பெரும் பங்கு இப்படி உறைந்ததுதான். அதற்காக நான் வருத்தப்படவில்லை, கன்றுகளும் வருத்தப்படமாட்டா. ஆனால் சீனித்துளசியின் கதை வேறு. பரகுவேயிலும் சீனாவிலும் கமக்காரர் அந்த இலையைப் பயிரிட்டு, சீனிக்குப் பதிலான இனிப்புக்காக விற்கிறார்கள். 2019இல் கார்கில், டி.எஸ்.எம். என்ற இரு கம்பனிகளும் சேர்ந்து அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையைத் திறந்தன. அங்கே மதுவம் சீனியைத் தின்று, அந்த இலையின் மிகச் சிறந்த இனிப்புப் பொருளைத் தொட்டிக்குள்ளேயே செய்துவிடுகிறது. இலையில் அது மிகச் சிறிதளவே உண்டு என்பதால் தொட்டியில் செய்வது நியாயமென்று கம்பனிகள் சொல்கின்றன. அது பொய்யுமல்ல. ஆனால் இலையை நட்ட குடும்பத்தோடு அதைப்பற்றி எவரும் பேசியிருக்கமாட்டார்கள்.

எங்கள் வளவில்

இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் எம்மவர் தறப்பாள் கொட்டிலுக்குப் பக்கத்தில் முதலில் நட்டவை முருங்கைத் தடியும் பப்பாசிக் கன்றும்தான். தென்னைக்கும் பனைக்கும் காத்திருக்கக் காணி தன்னுடையதாக இருக்க வேண்டும். பப்பாசி அப்படியல்ல, எட்டு ஒன்பது மாதத்தில் காய்க்கும். பிறர் காணியில் இருப்பவருக்கும், சொந்தக் காணி விடுபடுமென்று இன்னும் காத்திருப்பவருக்கும் ஏற்ற மரம். எனவே ஒரு தாய் என்னிடம், "பாதர், பழம் பத்து ரூபாய்க்கும் கேட்பார் இல்லாத நாளில இந்தப் பாலையெண்டாலும் விக்கேலாதோ?" என்று கேட்டது நியாயமான கேள்விதான்.

என் பதில் இது. பாலுக்காக மாத்திரம் பப்பாசி நடாதீர்கள். பப்பெயினுக்குச் சந்தை இன்னும் இருக்கிறது; ஆனால் அது அளவும் வலுவும் கேட்கும் சந்தை. பழத்துக்காக நடுங்கள், விலை விழுந்த வாரத்தில் காயைக் கறிக்கும், டுட்டி புறுட்டிக்கும், பாலுக்கும் திருப்பக்கூடிய நிலையில் இருங்கள். விதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது எங்கும் பேசப்படும் ரெட் லேடி தாய்வானிலிருந்து வந்த கலப்பினம். அதன் பழத்திலிருந்து எடுத்த விதை தாயைப் போலக் காய்க்காது. ஒவ்வொரு தரமும் விதைக்குப் பணம் கொடுக்க வேண்டும். விவசாயத் திணைக்களத்தின் ரத்னா இனத்தில், தோட்டத்தில் வேறு இனம் கலவாமல் பார்த்துக்கொண்டால், விதை உங்கள் கையிலேயே இருக்கும்.

காலபோக மழைதான் எங்கள் பப்பாசியின் பெரிய எதிரி. இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி மரம் சாய்ந்துவிடும். வயலோரத் தாழ்வில் நடாமல், மேட்டுக்காணியில் மண்ணை ஒன்றரை அடி உயர்த்திக் குவித்து, வாய்க்கால் வெட்டிவிட்டே கன்றை வைக்க வேண்டும். 2008இல் இலங்கைக்குள் வந்து மரங்களை வெள்ளைப் பஞ்சு போல மூடிய மாவுப்பூச்சியைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். மருந்தடித்து அடங்காத அந்தப் பூச்சியை, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சிறு குளவி அடக்கியது. இன்றும் அந்தப் பூச்சியைக் கண்டவுடன் கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். கமநல சேவை நிலையத்தில் கேட்டுவிட்டு அடியுங்கள்.

வாங்க வருபவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. எழுத்தில் தருவாரா, வலு குறைவென்று திருப்பினால் அதை அளந்தது யார், அளக்கும்போது நாங்கள் நிற்கலாமா? எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, இதே பொருளை அவர் வேறு எதிலிருந்து எடுக்கலாம் என்பது. அதற்கு நேரான பதில் வராவிட்டால் கால் ஏக்கருக்கு மேல் நடாதீர்கள்.

படித்த பிள்ளைகளிடம் வேறொன்று சொல்ல வேண்டும். பெங்களூர்க் கதையில் மரம் தோற்றது. ஆனால் கொட்டகை தோற்கவில்லை. தவிட்டில் பங்கசு வளர்ப்பது பெரிய இரகசியமல்ல. அப்பத்துக்குக் கள்ளு விட்டு மாவைப் புளிக்க வைக்கும் வீட்டில், எருமைத் தயிருக்கு உறை குற்றும் சட்டியில் அதே வித்தை நடக்கிறது. எங்கள் அரிசி ஆலைகளில் தவிடு குவிந்து கிடக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் தொழினுட்ப பீடமும் இருக்கின்றன. உயிர்முறைமைகள் தொழினுட்பம் அங்கே ஒரு பாடநெறி. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தலில் திரி போட்டு, ஒரு துளி மண்ணெண்ணெயில் படித்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று அங்கே படிக்கிறார்கள். அந்தப் பீடங்களின் கதவைத் தட்டி, "எங்கள் தூளின் வலுவை அளந்து தருவீர்களா, அளக்கப் பழக்குவீர்களா" என்று ஒரு கிராமச் சங்கம் கேட்கலாம். கேட்பதற்குப் பணம் தேவையில்லை.

அதுவரை வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சொல்லிவிடுகிறேன். பப்பெயினுக்குப் பாலை உறைய வைக்கும் குணமும் உண்டு. ஆய்வுகூடங்களும் அதை வைத்து வலு அளப்பதுண்டு. ஒரே பைக்கற் பால்மாவை ஒரே அளவு தண்ணீரில் கரைத்து, கை பொறுக்கும் சூட்டில் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் எடுங்கள். ஒன்றில் நிழலில் காய்ந்த தூள் ஒரு சிட்டிகையும், மற்றதில் வெயிலில் காய்ந்த தூள் அதே அளவும், ஒவ்வொன்றையும் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து விட்டு, மணிக்கூட்டைப் பாருங்கள். எது முதலில் திரிகிறதோ அதுவே வலுக் கூடியது. எத்தனை செக்கன் என்று கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். சோதித்த பாலைக் குடிக்க வேண்டாம். பத்துத் தரம் எழுதிய கொப்பி கையில் இருந்தால், வாங்க வருபவர் "உங்கட தூள் சரியில்லை" என்று சொல்லும்போது, எந்த நாளுடைய தூள், எத்தனை செக்கன் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.